ஃபுல்லில் நின்ற முள்

வல்லரசுவின் வலது தோள் கழன்று விழாத குறையாகத் தொங்கியது. மூன்று தடவை ஓடிவந்து ஷட்டரில் மோதியதற்குக் கிடைத்த கூலி. ஷட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் டமாரென்று அலறி, அதிர்ந்து, அடங்கி, பழையபடி நின்றது.

“வியாசர்பாடியில நீ பெரிய பாக்ஸர்னு பேசிக்கிட்டாங்களேடா,” என்றாள் அன்புக்கரசி.

“பாக்ஸிங்ல எதிர்ல ஒரு ஆளு நிப்பான்க்கா. குத்துனா அவனுக்கு வலிக்கும். இங்க குத்தறதும் நானு, வலிக்கறதும் எனக்கு. இது இன்னா ஆட்டம்?”

தோளைப் பிடித்துக்கொண்டு, ஷெட்டுக்குள் நின்ற ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு நீலக் கேனை உருவிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தான். கேனின் மூடி தொலைந்துபோய், ரப்பர் செருப்பின் குதிகாலை வட்டமாக வெட்டிச் செதுக்கி யாரோ வாயை அடைத்திருந்தார்கள்.

“செருப்பு மேல உக்கார வச்சிட்டானுங்கோ பாருக்கா.”

“வாய மூடிக்கிட்டு உட்காரு. காத்து மிச்சமாகும்.”

அவள் சொன்னதில் பாதி விளையாட்டு, பாதி நிஜம். எர்ணாவூர் லாரி யார்டின் கடைக்கோடியில் இருந்தது அந்த ஷெட். ஜன்னல் கிடையாது. மேலே தகரம், சுற்றிலும் தகரம். மத்தியான வெயில் கூரையில் காய்ச்சி ஊற்றியதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய கிரீஸும் துருவும் எலிப் புழுக்கையும் சேர்ந்த நாற்றம். ஷட்டரின் அடியில், லாரி சக்கரம் ஏறி ஏறி உடைந்த சிமெண்டுத் தரையில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு சந்து. உள்ளே வந்த வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான்.

நடுவில் தார்ப்பாய் விலக்கிய ஜீப். மூக்கு நசுங்கியிருந்தது.

அதைப் பார்க்கத்தான் இருவரும் வந்தார்கள். அன்புக்கரசி டோல்கேட்டில் டயர் கடை மாடியில் ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டிகளைப் பார்த்து, எவன் சொல்வது பொய் என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள். வல்லரசு அவளுக்கு உதவியாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் லாரியில் கிளீனராக அலைந்தும் தேய்ந்த உடம்பு. வாய் மட்டும் தேயவில்லை.

அந்த வாய்தான் இன்றைக்குக் கெடுத்தது.

யார்டு வாசலில் ரமாபாய் என்ற பெண் காவலுக்கு இருந்தாள். கேஸ் சிலிண்டர் வைத்து இரும்பு வெட்டுகிற இடம் என்பதால் உள்ளே போகிறவர்கள் போனை வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பக்கத்து யார்டுகளில் அது பழகிப்போன சட்டம். இருவரும் கொடுத்தார்கள். பழைய டயர் வாங்க வந்ததாக அன்புக்கரசி பேசி, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வல்லரசு வாயைத் திறந்தான். “அந்த ஜீப்பு டேங்கு நம்ம ஜெரிண்ணன் கை வேலையாச்சே. அதயும் ஒரு பார்வ பாத்துட்டு போயிடறோம்.”

ரமாபாய் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “வா, காட்டறேன்” என்றாள். ஷெட்டுக்குள் விட்டாள். அவர்கள் தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருக்கும்போது ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது.

“மொதலாளிக்கு போன் போட்டுட்டேன்,” என்றாள் வெளியிலிருந்து. “மணலியில இருந்து ஆளு வந்துகினு கீது, கட்டிங் மிசினோட. அதுவரிக்கும் உள்ளயே கெடங்க.”

ஆள் வந்தால் முதலில் வெட்டப்படுவது ஜீப். ஜீப் போனால் ஜெரி போனான்.

கதை இவ்வளவுதான். விடியற்காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் சைக்கிளில் வீடு திரும்பிய வாட்ச்மேன் குமாரவேல்மீது ஒரு ஜீப் ஏறிவிட்டு நிற்காமல் போனது. கொஞ்ச தூரம் தள்ளிப் பாலத்தருகே அந்த ஜீப் ஆளில்லாமல் கிடந்தது. சொந்தக்காரர், இந்த யார்டையும் வைத்திருக்கும் லாரி முதலாளி தவசிமுத்து. “டேங்கு மாத்த ராயபுரத்துல ஜெரி ஷெட்ல விட்டிருந்தேன். வண்டி இன்னும் என் கைக்கே வரல. அவன்தான் எடுத்துக்கிட்டு ஊர் சுத்தியிருக்கான்” என்று எழுதிக் கொடுத்தார். ஜெரி, “மொத நாள் சாயங்காலமே டெலிவரி கொடுத்துட்டேன் சார்” என்றான். அதற்குக் காகிதம் இல்லை. ராயபுரத்தில் காகிதம் கொடுத்து எவன் ஜீப் ரிப்பேர் பார்க்கிறான்? ஜெரி புழல் சிறையில் இருக்கிறான். கோர்ட்டில் எழுதிக் கொடுத்து ஜீப்பைத் திரும்ப வாங்கிய தவசிமுத்து, அதைச் சத்தமில்லாமல் வெட்டி இரும்பாக்கப் போகிறார் என்று ஜெரியின் மனைவி ஃப்ளோராவின் காதுக்குச் சேதி வந்தது. அவள் டயர் கடை மாடி ஏறி வந்து அழுதாள்.

“எழுந்திரு,” என்றாள் அன்புக்கரசி. “ஆளு வர்றதுக்குள்ள ஜீப்பைப் படிச்சிடலாம்.”

“பரீட்ச ஹால்ல பூட்டிட்டு கேள்வித்தாளு குடுக்கறாங்கோ.” முனகிக்கொண்டே வல்லரசு டிரைவர் சீட்டில் ஏறினான். சாவி இல்லை. நகவெட்டியின் அரத்தைச் சாவித் துவாரத்தில் விட்டுத் திருப்பினான். பழைய ஜீப்புக்கு அது போதும். டேஷ்போர்டில் மங்கலாக ஒரு விளக்கு எரிந்தது. டீசல் மீட்டரின் முள் நடுங்கி நடுங்கி ஏறி, ‘ஃபுல்’ பக்கத்தில் போய் நின்றது.

அவன் வாயெல்லாம் பல்லானது. “அக்கா! டேங்கு ஃபுல்லு! ஸ்டார்ட் பண்ணி ஷட்டர பேத்துகினு போயிடலாம்!”

“பண்ணு பார்ப்போம்.”

இன்ஜின் கர்ர்ர் என்று சுற்றியது. பற்றவில்லை. மறுபடியும் சுற்றியது. கிழவன் இருமுவதுபோல் இருமி நின்றது. பேட்டரியும் தொண்டை கம்மியது.

“போலீஸ் ரிப்போர்ட்லயும் இதான்டா எழுதியிருக்கு,” என்றாள் அவள். “டேங்க் ஃபுல். ஆகையினால வண்டி தானா நிக்கல, ஓட்டினவன் வேணும்னே விட்டுட்டு ஓடியிருக்கான்னு. டேங்க்கைத் தட்டு.”

சீட்டைத் தூக்கினால் அடியில் டேங்க். வல்லரசு விரல் மடக்கித் தட்டினான். சாவுக்கு அடிக்கிற மேளம்போல் ‘டங் டங்’ என்றது. இன்னும் கீழே தட்டிக்கொண்டே போனான். அடிவயிற்றில் மட்டும் சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. மூலையில் கிடந்த விளக்குமாற்றில் ஒரு குச்சியை உருவி, மூடியைத் திறந்து உள்ளே விட்டு எடுத்தான். நுனியில் கொஞ்சம்தான் ஈரம்.

“முள்ளு ஃபுல்லுன்னுது, டேங்கு காலிங்குது. யாரோ பொய் சொல்றாங்கோ.”

“ரெண்டும் பொய் சொல்லலைடா. ரெண்டும் வேற வேற வருசத்துல பொறந்ததுங்க, அவ்ளோதான்.” அவள் டேங்கின் ஓரத்தைத் தடவிக் காட்டினாள். “ஜீப் பழைய மாடல். உப்புக் காத்துல அதோட டேங்க் ஓட்டையாயிடுச்சு. அந்த மாடல் டேங்க் புதுப்பேட்டை பழைய சாமான் கடையில கெடைக்கல. ஜெரி எட்டு வருசம் பிந்தின மாடல் டேங்க்கை வாங்கி மாட்டியிருக்கான். இடத்துக்குப் பொருந்திடுச்சு. ஆனா உள்ள மிதவை ஒண்ணு இருக்கு பாரு, அது பழைய மாடல்ல சொல்றதுக்கு நேர் எதிரா இதுல சொல்லும். மீட்டர் பழசு, மிதவை புதுசு. டேங்க் ரொம்பினா முள்ளு கீழ இறங்கும், காலியானா மேல ஏறும்.”

“எங்க மாமா மாதிரி. கைல காசு இல்லன்னாத்தான் மீச ஏறும்.”

“மீட்டர் கண்ணாடியை நல்லாப் பாரு. எம்ப்டி பக்கம்.”

தூசி படிந்த கண்ணாடி. ‘எம்ப்டி’ எழுத்துக்குப் பக்கத்தில், தூசிக்கு நடுவே, மிளகளவுக்கு வட்டமாக ஒரு பசைத் தடம்.

வல்லரசு தொடையில் தட்டிக்கொண்டான். தோள் வலித்தது. “பொட்டு!”

ஃப்ளோரா அழுகைக்கு நடுவிலும் அதைச் சொல்லிக் குறைப்பட்டிருந்தாள். “நான் வாங்கற ஸ்டிக்கர் பொட்டு, நகப்பாலிஷ் எல்லாத்தயும் வண்டிக்கே வச்சிடுவாருக்கா. எனக்கு நெத்தியும் வெறுசு, நகமும் வெறுசு.” வேறு மாடல் டேங்க் மாட்டினால் ஜெரியின் ஷெட்டில் ஒரு வழக்கம். சாவியைக் கையில் கொடுக்கும் நேரத்தில், முள் எங்கே நின்றால் டேங்க் நிறைந்திருக்கிறதோ அங்கே ஒரு பொட்டு ஒட்டுவான். வண்டிக்காரன் அதை விரலால் தொட்டு, “ஃபுல்லு இங்க” என்று சொன்னால்தான் சாவி கிடைக்கும். கோயிலில் சத்தியம் வாங்குகிற மாதிரி வாங்குவான்.

“சாவி கொடுக்கும்போதுதான் பொட்டு ஒட்டுவான்,” என்றாள் அன்புக்கரசி நிதானமாக. “பசை இருக்கு. அப்படின்னா பொட்டு இருந்துச்சு, அப்புறம் யாரோ பிச்சிருக்காங்க. அப்படின்னா?”

“டெலிவரி ஆயிடுச்சு! தவசிமுத்து வண்டிய வாங்கிட்டாரு. வாங்கலன்னது டூப்பு!” அவன் ஜீப்பிலிருந்து குதித்தான். “ஜெரிண்ணன் ஓட்டியிருந்தா, முள்ளு மேல ஏற ஏற டீசல் தீருதுன்னு தெரிஞ்சிருக்கும். நடு ரோட்ல காய்ஞ்சு நிக்கமாட்டாரு. முள்ளு ஃபுல்லுல கீதுன்னு நம்பி ஓட்டினவன் வேற ஆளு. தவசிமுத்துதான்க்கா! மாட்டினான்யா!”

அப்போது ஷட்டருக்கு வெளியே ஒரு கனைப்பு. சந்தில் ஒரு ஜோடிப் பாதம் தெரிந்தது. வெடிப்பு விழுந்த குதிகால்கள். ரமாபாய் அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

“இன்னாமா உள்ள கூட்டிக் கழிச்சிகினு கீறீங்கோ? அந்த ஜெரிய வெளிய எடுக்கவா?”

“அக்கா, தொறங்க. சொல்றதைக் கேளுங்க,” என்றாள் அன்புக்கரசி.

“இன்னாத்த கேக்கறது? எம்மாம் துட்டு வாங்கினீங்கோ அவனாண்ட? செத்தவன் யாரு தெரியுமா? குமாரவேலு. எம் புருசன். இதே யார்டுல நைட் டூட்டி பாத்துட்டு வூட்டுக்கு வந்துகினு இருந்த மனுசன். அவரு நின்ன எடத்துல இப்ப நான் நிக்கறேன். மொதலாளி வேல போட்டுக் குடுத்தாரு. உங்கள உட்டுட்டு அவருக்கு நான் துரோகம் பண்ணணுமா?”

பூட்டியது முதலாளியின் கூலியாள் என்று நினைத்திருந்தார்கள். பூட்டியது துக்கம். கூலியாளிடம் பேரம் பேசலாம்; துக்கத்திடம் என்ன பேசுவது? வல்லரசுவுக்கு முதல்முறையாக ஷெட் சின்னதாகத் தெரிந்தது. தகரம் நாலு பக்கமும் கிட்டே வந்துவிட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

“யக்கா,” என்றான், குரலில் விளையாட்டு இல்லாமல். “உன் மொதலாளிதான் யக்கா உன் வூட்டுக்காரரு மேல வண்டிய ஏத்துனது.”

“நாக்கு அழுகிடும்டா. அன்னிக்கு ராத்திரி பூரா அவரு தூத்துக்குடி ரயில்ல இருந்தாரு, அண்ணன் வூட்டு கல்யாணத்துக்குப் போவ. சாயங்காலம் ரயிலேத்தி விட்டதே எம் புருசன்தான்.”

வல்லரசு அன்புக்கரசியைப் பார்த்தான். அவள் ஆச்சரியப்படவில்லை.

“அவர் ஓட்டலைடா,” என்றாள் தணிந்த குரலில். “நீ குதிக்கும்போதே சொல்ல வந்தேன். ஜெரி அவர் விரலைப் பிடிச்சு பொட்டைத் தொட வச்சிருப்பான். டேங்க் காலின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நம்பி மோசம் போனவன் அந்தப் பொட்டைத் தொடாதவன். அவர் வேற யாருக்காகவோ பொய் சொல்றார்.”

“யாருக்கு?”

அவள் பானெட்டைத் திறந்தாள். டீசல் பம்பின்மேல் சின்ன ஸ்க்ரூ ஒன்று. அதன் தலையில் ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு நகப்பாலிஷ், உடையாமல் பளபளத்தது.

“டீசல் வண்டி காய்ஞ்சு நின்னா என்ன செய்யணும், கிளீனர் தம்பி?”

“பைப்புல காத்து பூந்துக்கும். டீசல ஊத்தினா மட்டும் பத்தாது. இந்த ஸ்க்ரூவ லூஸ் பண்ணி காத்த எடுக்கணும். இல்லன்னா நாளெல்லாம் சுத்தினாலும் புடிக்காது. இப்ப நம்மளுக்கு புடிக்காத மாதிரி.”

“டேங்க் மாத்தினப்போ ஜெரி காத்து எடுத்துட்டு, இறுக்கி, பாலிஷால சீல் வச்சிருக்கான். அதுக்கப்புறம் யாரும் தொடலை. ஆனா டேங்க் அடியில கொஞ்சம் டீசல் இருக்கு. காய்ஞ்சு நின்ன வண்டிக்குள்ள அது எப்படி வந்துச்சு?”

“எவனோ ஊத்தியிருக்கான். ஊத்திட்டு ஸ்டார்ட் ஆவலன்னு ஓடிட்டான். காத்து எடுக்கத் தெரியாத பையன்.”

“எதுல கொண்டுவந்து ஊத்தினான்?”

வல்லரசு தலையைச் சொறிந்தான். திரும்பினான். தான் இவ்வளவு நேரம் ஆசனமாக வைத்திருந்த நீலக் கேனைப் பார்த்தான். அதன் வாயில் செருப்பு ரப்பர்.

“யம்மா,” என்றான். “நான் உக்காந்துனு இருந்ததே கேஸு மேலதானா?”

அன்புக்கரசி ரப்பர் அடைப்பைத் திருகிப் பிடுங்கினாள். டீசல் வாடை குப்பென்று வந்தது. கேன் சந்தில் நுழையாது, அடைப்பு நுழையும். அவள் மண்டியிட்டு, அந்த ரப்பர் வட்டத்தை ஷட்டருக்கு அடியில் தள்ளி, விரலால் சுண்டிவிட்டாள். அது உருண்டு, வெடித்த பாதங்களுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

“அக்கா, இது யாருதுன்னு எனக்குத் தெரியாது. இதை அடைச்ச கேன் இந்த ஜீப்புல, பின்சீட்டுக்கு அடியில இருந்துச்சு. ஓட்டிட்டு வந்தவன் டீசல் தீர்ந்து நின்னதும் எங்கேயோ வாங்கிட்டு வந்து ஊத்தின கேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

ஒரு கை இறங்கி அதை எடுத்தது.

தூரத்தில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். கூரைத் தகரம் வெயிலில் ‘டக்’கென்று விரிந்தது.

“இது அவரு செருப்பு,” என்றாள் ரமாபாய். குரல் அவளுடையதாக இல்லை. “மூடி தொலஞ்சி போச்சின்னு பிஞ்ச செருப்ப வெட்டி அவரே செதுக்குனாரு. உக்காந்து அர நாளு செதுக்குனாரு. நான் சிரிச்சேன்.”

“கேன் எப்படிக்கா ஜீப்புக்குப் போச்சு?”

“அன்னிக்கு விடிகாலம்… ரயில்வே கேட்டாண்ட எங்க ரூம்புல வந்து கதவ தட்டுச்சு. மொதலாளி புள்ள, மேத்யூ தம்பி. ‘யக்கா, லாரி காய்ஞ்சு நின்னுட்ச்சி, அஞ்சு லிட்டரு டீசல் இருந்தா குடு, நாளிக்கே தந்துடறேன்’னுச்சு. சட்டையெல்லாம் நனஞ்சி கெடந்துச்சு. இவரு வெச்சிருந்த கேன எடுத்து நான்தான் குடுத்தேன். இரு தம்பி, இவரு வர்ற நேரம், வந்து ஊத்திக் குடுப்பாருன்னேன். வேணாம்க்கான்னு ஓடுச்சு.” மூச்சு வாங்கினாள். “இவரு வர்ற நேரம்னு சொல்றேன். அவரு ரோட்ல கெடக்கறாரு.”

வல்லரசு கேனைத் தூக்கிப் பத்திரமாக ஜீப்புக்குள் வைத்தான்.

“மேத்யூ கேட்டது எந்த லாரிக்குன்னு நீங்க அப்புறம் கேக்கலையா?” என்றாள் அன்புக்கரசி.

“எழவு வூட்ல கேனப் பத்தி எவ கேப்பா?”

பாதங்கள் திரும்பின. போய்விட்டன. வல்லரசு தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். வெறும் வெயில்தான் தெரிந்தது. “போய்ட்ச்சிக்கா. நம்பலையா?” என்றான்.

பாதங்கள் திரும்பி வந்தன. சந்துக்குள் முதலில் அன்புக்கரசியின் போன் வந்தது. பிறகு வல்லரசுவின் போன்.

“தொற யக்கா!” என்றான் வல்லரசு.

“சாவி எங்கிட்டயே இருக்கட்டும். தொறந்தா நீங்கோ ஓடுவீங்கோ, ஜீப்பு இங்க தனியா நிக்கும். வெட்டிருவானுங்கோ. உள்ளயே இருங்க. ஜீப்பாண்டயே இருங்க.”

அன்புக்கரசி வாதாடவில்லை. ஜெரியின் வக்கீலுக்கு இரண்டு வரியில் செய்தி அனுப்பினாள். பொட்டின் தடம், பாலிஷ், கேன் மூன்றையும் படமெடுத்து அனுப்பினாள். பிறகு ரெக்கார்டரைப் போட்டு, போனைச் சந்தின் விளிம்பில் வைத்தாள். வல்லரசு ஷட்டரில் ஆணி போன ஓட்டை ஒன்றை அடைத்திருந்த கிரீஸை நோண்டிவிட்டு, அதில் கண்ணை வைத்தான்.

வாசலில் கார் வந்து நின்றது. பின்னால் ஒரு மினி லாரி. சிலிண்டரோடு மூன்று ஆட்கள் இறங்கினார்கள். முன்னால் நடந்து வந்தவன் இளைஞன். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. அப்பன் வரவில்லை, பிள்ளையை அனுப்பியிருக்கிறார்.

ரமாபாய் ஷட்டருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் உடம்பு ஓட்டையில் பாதியை மறைத்தது. ஷெட் சாவி இடுப்பில் செருகியிருந்தது.

“யக்கா, உள்ள எத்தினி பேரு?” என்றான் மேத்யூ.

“ரெண்டு பேரு, தம்பி.”

“சரி, சாவியக் குடு. நீ போய் ரூம்புல படு. நாங்க பாத்துக்கறோம்.”

“குடுக்கறேன். அன்னிக்கு எங்கிட்ட டீசல் வாங்கினு போனியே, அது எங்க நின்னுச்சு, லாரி?”

“எந்த லாரி… ஆங், அதுவா. பாலத்தாண்டதான். இப்ப இன்னாத்துக்கு அது?”

“ஊத்தினியா?”

“ஊத்தினேன். எழவு, ஸ்டார்ட்டே ஆவல. அங்கயே விட்டுட்டு நடந்து போய்ட்டேன். சாவியக் குடு யக்கா, நேரமாவுது.”

உள்ளே அன்புக்கரசி போனைச் சந்தில் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினாள். பாலத்தருகே அன்று காலை போலீஸ் கண்டெடுத்தது ஒரே ஒரு வண்டி. அது லாரி இல்லை.

“அந்த அஞ்சு லிட்டருக்கா இப்பிடி வழிய மறிச்சினு நிக்கற?” மேத்யூ சிரித்துக்கொண்டே பாக்கெட்டில் கைவிட்டான். “இந்தா, காசு வாங்கிக்க.”

ரமாபாய் காசை வாங்கவில்லை. மூடிய கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, மெல்லத் திறந்தாள். உள்ளங்கையில் ரப்பர் செருப்பின் குதிகால்.

மேத்யூவின் சிரிப்பு நின்றது. பின்னால் சிலிண்டர் தூக்கி வந்த ஆட்களும் நின்றார்கள்.

“கேனு கெடச்சிட்ச்சி தம்பி. நீ ஓட்டின ஜீப்புலயே இருந்துச்சு,” என்றாள் ரமாபாய். “டீசலு இன்னும் பாக்கி.”